குழைவான பொலெந்தா: திரெந்தோ அடுப்படியில் கற்றுக்கொண்டவை

2017ஆம் ஆண்டு செப்டம்பரில், மனைவியின் ஆராய்ச்சிப் பணியை முன்னிட்டு, வட இத்தாலியின் திரெந்தோ நகருக்குக் குடிபெயர்ந்தோம். ஆதிஜே ஆற்றின் கரையில், நாற்புறமும் மலை சூழ அமைந்த ஊர் அது. சென்ற சில வாரங்களிலேயே, ஊருக்கு மேற்கே எழும் போந்தோனே மலையில், மரப்பலகைச் சுவர்கள் கொண்ட ஒரு சிறிய உணவகத்தில் முதன்முறையாகப் பொலெந்தா சாப்பிட்டேன். ஆழமில்லாத தட்டில் மஞ்சளாகப் பரவி, நடுவில் காளான் குழம்பைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த மக்காச்சோளக் களி, கரண்டியால் எடுத்தபோது மெல்ல வழிந்தது. நாக்கில் ஒரு குருணைகூடத் தனித்து உறுத்தவில்லை. நான் தர்மபுரிப் பக்கத்துக்காரன். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவன். களி கிண்டவும் ஓரளவு தெரிந்தவன். ஆகவே இதைச் செய்வதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு என்னை விட்டு அகல ஏறத்தாழ ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

முதல் முயற்சியில் எங்கள் ஊர் முறையையே கையாண்டேன். உப்புப் போட்ட தண்ணீர் நன்றாகக் கொதித்ததும், கடையில் வாங்கிவந்த மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, மூடிவைத்து, சுற்றிலும் கொதி எழும்பிய பிறகு மரக்கரண்டியால் அழுத்திக் கிண்டினேன். கேழ்வரகு மாவு நைசானது. அடியில் நொய்க்கஞ்சியும் இருப்பதால், அந்த முறையில் பத்துப் பதினைந்து நிமிடங்களில் களி திரண்டுவிடும். இங்கே எனக்குக் கிடைத்ததோ புளியங்கொட்டை அளவிலான கட்டிகள் மிதக்கும் ஒரு கலவை. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருந்தது. கட்டிகளை நசுக்கிவிட்டு, சரிசெய்யும் எண்ணத்தில் வெண்ணெயையும், அரை டப்பா கிரீமையும், இரண்டு கைப்பிடி துருவிய பாலாடைக்கட்டியையும் சேர்த்தேன். பார்வைக்கு அது குழைவாகத்தான் மாறியது. வாயில் வைத்தால், தொண்டையில் கிரீம் இறங்கியது, பல்லில் மணல் நின்றது. அதில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போய், கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மையாரிடம் கொடுத்தேன். எழுபது வயதைக் கடந்தவர். ஒரு கரண்டி சுவைத்தார். "எவ்வளவு நேரம் வேகவைத்தாய்?" என்று கேட்டார். பதினைந்து நிமிடம் என்றேன். வேறெதுவும் சொல்லாமல், "ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு வா. சாப்பாடு பன்னிரண்டரைக்கு," என்றார்.

அந்த ஒரு மணி நேர இடைவெளிதான் பாடம் என்பது எனக்கு அன்று அவர் அடுப்படியில் நின்றபோதே பாதி புரிந்தது. கிரீம் டப்பா எதுவும் மேசையில் இல்லை. மாவு, தண்ணீர், உப்பு, கடைசியில் சிறிது வெண்ணெய் ஆகியவை மட்டுமே இருந்தன. பொலெந்தாவின் குழைவு தண்ணீராலும் நேரத்தாலும் வருவது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வெந்த பொலெந்தாவுக்குச் சுவையும் பளபளப்பும் தருமேயொழிய, வேகாத குருணையை அவற்றால் வேகவைக்க முடியாது. மக்காச்சோள மாவுச்சத்து ஏறத்தாழ 65 பாகை செல்சியஸில் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகிறது. ஆனால் கரகரப்பாக உடைத்த குருணையின் நடுப்பகுதி வரை வெந்நீர் ஊறிச் செல்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். குருணையின் வெளிப்புறம் வெந்து கொழகொழப்பாகிவிடுவதால், பத்தாவது நிமிடத்திலேயே பாத்திரத்தில் இருப்பது கெட்டிப்பட்டு, ஆயிற்று என்பதுபோல் தோற்றம் காட்டும். களி கிண்டிப் பழகிய கை அந்தத் தோற்றத்தைப் பார்த்து அடுப்பை அணைத்துவிடும். நான் செய்த பிழை அதுதான். அப்போது அணைக்காமல், இன்னும் சிறிது வெந்நீர் விட்டு, தீயைக் குறைத்து, மேலும் அரை மணி நேரம் காத்திருந்தால், குருணைகள் ஒவ்வொன்றாக இளகித் தம்மைச் சுற்றியுள்ள பாகோடு கலந்துவிடுகின்றன.

மாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பாதித் தவறுகள் கடை அலமாரியின் முன்னாலேயே நடந்துவிடுகின்றன. 'பிரமாத்தா' என்பது ரவையைவிடச் சற்றுப் பெரிதாக உடைத்த குருணை மாவு. மலைப்பகுதிகளில் பெரிதும் விரும்பப்படுவது. 'ஃபியோரெத்தோ' என்பது நைசாக அரைத்தது. விரைவில் வெந்துவிடும், வழுவழுப்பாகவும் வரும், ஆனால் வாயில் தட்டுப்படும் சோளத்தின் திடம் அதில் சற்றுக் குறைவு. 'தரான்யா' என்று எழுதியிருந்தால் அது வால்தெல்லினாப் பள்ளத்தாக்கின் வழக்கப்படி பக்வீட் எனப்படும் சாம்பல்நிறத் தானிய மாவு கலந்தது. வெந்ததும் பழுப்பாக இருக்கும், மண்வாசம் அடிக்கும், பாலாடைக்கட்டியை நிறையக் கேட்கும். வெனிஸ் பக்கம் போனால் வெள்ளை மக்காச்சோளத்தில் செய்த வெண்ணிறப் பொலெந்தாவைக் காணலாம். அங்கே காயல் நீரில் பிடித்த பொடி இறாலை அதன்மேல் இட்டுப் பரிமாறுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில், 'உடனடி' என்று அச்சிட்ட பொட்டலமும் இருக்கும். அது ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உலர்த்தப்பட்ட மாவு. சில நிமிடங்களில் ஆகிவிடும். அதை இழிவாகப் பேசுவோரை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் அவர்களோடு சேரமாட்டேன். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நாளில் அதுவே கைகொடுக்கிறது. ஆனால் மெதுவாக வெந்த மாவிலிருந்து அரை மணி நேரத்துக்குப் பின் எழும், சுட்ட சோளக்கதிரை நினைவூட்டும் மணம் அதில் வராது.

அம்மையார் வாங்குவது ஸ்தோரோ மாவு மட்டுமே. திரெந்தோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கியேசே ஆற்றுப் பள்ளத்தாக்கில், இத்ரோ ஏரிக்கு அருகில் உள்ள ஊர் ஸ்தோரோ. மறு ஆண்டு அக்டோபரில் அவர் சொல்லித்தான் அங்கே போய்ப் பார்த்தோம். வீடுகளின் மர மாடங்களிலும் பரண்களிலும் உரித்த கதிர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மணிகள் மஞ்சளாக இல்லாமல் செம்மஞ்சளாக, கண்ணாடிபோல் மின்னின. அது மரானோ என்ற இரகத்தின் வழிவந்தது. மரானோ இரகத்தை 1890இல் விசென்சா பகுதியைச் சேர்ந்த அந்தோனியோ ஃபியோரெத்தி என்ற விவசாயி இரண்டு உள்ளூர்ச் சோளங்களைக் கலந்து உருவாக்கினார். ஸ்தோரோ விவசாயிகள் இன்று 'அக்ரி 90' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகத் தங்கள் மாவை விற்கிறார்கள். இந்த விவரத்தால் சமையலுக்கு என்ன பயன் என்று கேட்டால், இரண்டு பயன்கள் உண்டு. இவ்வகைச் சோளத்தின் மணி கடினமானது. கண்ணாடித் தன்மை மிக்கது. எனவே இதன் குருணை மற்ற மாவைவிட மெதுவாகத் தண்ணீரை ஏற்கும், கூடுதலாகப் பத்து நிமிடம் கேட்கும். அடுத்து, முளையை நீக்காமல் அரைத்த மாவு எதுவாயினும், அதிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கடித்துப்போகும். கோடையில் அலமாரியில் வைத்து மறந்துபோன ஒரு கிலோவை இப்படி இழந்த பிறகு, குளிர்பதனப் பெட்டியில் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்கிறேன். பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் வாடை வந்தால், எவ்வளவு கிண்டினாலும் அது போகாது.

அளவு விஷயத்தில் எனக்கும் அம்மையாருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவர் கண்ணளவில் செய்பவர். நான் தராசு வைத்துச் செய்பவன். பலகையில் கொட்டினால் நிற்கும் கெட்டியான பொலெந்தாவுக்கு எடையில் ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர். தட்டில் பரவும் குழைவான பொலெந்தாவுக்கு ஐந்து பங்கு. நான்கு பேருக்கு 250 கிராம் மாவும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் போதும். லிட்டருக்குப் பத்து கிராம் வீதம் உப்பை முதலிலேயே தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். கடைசியில் போட்ட உப்பு மேலோட்டமாகத்தான் நிற்கிறது. கூடவே பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். ஏனெனில் பாத்திரத்தின் அகலம், தீயின் அளவு, மூடியின் பொருத்தம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஆவியாகும் தண்ணீர் வேறுபடும். என் பாத்திரத்தில் வழக்கமாக இருநூறு மில்லி அளவுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கி மீண்டும் எழும்ப நேரமாகும், அவ்வளவுதான்; பெரிய குற்றமில்லை, ஆனால் வெந்நீர் நல்லது.

மாவைச் சேர்க்கும் விதத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'மழைபோல்' என்பது. இடக்கையில் மாவை எடுத்து, விரலிடுக்கின் வழியாக உயரத்திலிருந்து தூவிக்கொண்டே, வலக்கையால் கம்பிக் கரண்டியை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். குவியலாக விழும் மாவின் வெளிப்புறம் கொதிநீர் பட்ட நொடியிலேயே வெந்து ஒரு தோலாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவுக்குத் தண்ணீர் செல்லாமல் தடுத்துவிடும். என் புளியங்கொட்டைக் கட்டிகளின் இரகசியம் இதுவே. தண்ணீர் தளதளவெனக் கொதிக்கும்போது தூவுவதைவிட, ஓரங்களில் குமிழ் எழும்பத் தொடங்கும் வேளையில் தூவினால் இந்த ஆபத்து குறைகிறது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது: மாவைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்து, அடுப்பில் ஏற்றி, கெட்டிப்படும்வரை கம்பிக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். கட்டி தட்டுவதற்கு வாய்ப்பே இல்லை. அம்மையாரிடம் இதைச் செய்துகாட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பிடும்போது வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்ததா என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் இரண்டாவது முறை பரிமாறிக்கொண்டார். முதல்நாள் இரவே மாவைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால், வேகும் நேரத்தில் கால்பங்கு குறைவதையும் கண்டிருக்கிறேன்.

பொலெந்தா கெட்டிப்படத் தொடங்கியதும் கம்பிக் கரண்டியை எடுத்துவிட்டு நீண்ட மரக்கோலுக்கு மாற வேண்டும். திரெந்தோ வட்டாரப் பேச்சில் அந்தக் கோலுக்கு 'திரீசா' என்று பெயர். பாயோலோ என்கிற, ஈயம் பூசாத செம்புக் கொப்பரையின் வளைந்த அடியில் அது சுற்றிவரும். கோல் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கெட்டியான கலவையில் ஆவி எளிதில் வெளியேற முடியாமல் அடியில் திரண்டு, எரிமலைபோல் வெடித்து மேலே தெறிக்கும். தெறிக்கும் அந்தத் துளி வெந்நீர்போல் வழிந்தோடாது. தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். இரண்டாவது முறை செய்தபோது என் மணிக்கட்டில் விழுந்த ஒரு துளி விட்டுச்சென்ற தழும்பு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. முழுக்கைச் சட்டை அணிந்துகொள்வதும், குமிழ் வெடிக்கத் தொடங்கிய உடனே தீயை மிகக் குறைவாக வைப்பதும், மூடியைச் சற்றுத் திறந்த நிலையில் சாய்த்து வைப்பதும் அதற்குப் பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டன.

நாற்பத்தைந்து நிமிடமும் விடாமல் கிண்ட வேண்டுமா என்பது அந்த ஊரில் குடும்பங்களைப் பிரிக்கும் கேள்வி. அம்மையார் விடாமல் கிண்டுவார். ஒரே திசையில் கிண்ட வேண்டும் என்றும் சொல்வார். திசைக்கு எந்தப் பொருளும் இல்லை என்பது என் முடிவு. மற்றதைப் பொறுத்தவரை, அவருடையது விறகடுப்புக் காலத்துப் பழக்கம். தீ ஒரே சீராக நிற்காத அடுப்பில், மெல்லிய செம்புப் பாத்திரத்தில், கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். அடிகனமான பாத்திரமும் சிறு தீயும் இருக்கும் வீட்டில் முதல் பத்து நிமிடம் தொடர்ந்து கிண்டிவிட்டு, அதன் பின் ஐந்து ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவிக் கொடுத்தாலே போதும். மூடி போட்டிருந்தால் மேலே ஏடு படியாது, தண்ணீரும் மிச்சமாகும். கொப்பரையின் மேல் பொருத்திய மோட்டார் தானே கிண்டும் கருவிகளும் அங்கே விற்பனைக்கு உண்டு. அம்மையாரின் மகன் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். அது பரணில் இருந்தது.

வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. முப்பதாவது நிமிடத்திலிருந்து அரைக்கரண்டி எடுத்து, ஆறவைத்து, நுனிப்பல்லால் கடித்துப் பார்க்க வேண்டும். குருணை நறுக்கென்று உடைந்தால் வேகவில்லை, நசுங்கினால் பாதி, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் அழுத்தியதும் காணாமற்போனால் முழுவதும் வெந்தது. அதே நேரத்தில் மணமும் மாறும்: பச்சைமாவு வாடை போய், இனிப்பான சோளமணம் வரும். குழைவின் பதத்துக்கு, கரண்டியைத் தூக்கி வழியவிட்டால் விழுந்த இடத்தில் ஒரு மேடு தெரிந்து, சில நொடிகளில் அது அமிழ்ந்து சமமாக வேண்டும். மேடு அப்படியே நின்றால் வெந்நீர் விடுங்கள். உடனே மறைந்தால் மூடியைத் திறந்து இன்னும் கொஞ்சம் சுண்டவிடுங்கள். அடுப்பிலிருக்கும்போது நீங்கள் விரும்புவதைவிடச் சற்றுத் தளர்வாகவே இறக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. தட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு படி இறுகிவிடும்.

பால் சேர்ப்பதில் நான் ஒருமுறை பெரிதும் அடிபட்டேன். 2018 பிப்ரவரியில், மனைவியின் அலுவலக நண்பர்கள் ஆறு பேர் விருந்துக்கு வந்த நாள். இன்னும் மென்மையாக வரட்டும் என்று எண்ணி, தண்ணீருக்குப் பதிலாக முழுவதும் பாலிலேயே தொடங்கினேன். பாலின் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து, இருபதாவது நிமிடத்தில் தீய்ந்த வாடை கிளம்பியது. பதற்றத்தில் நான் அடியைச் சுரண்டிக் கலக்கியதுதான் உண்மையான கேடு. அதுவரை அடியில் மட்டும் இருந்த கரி, முழுப் பாத்திரத்துக்கும் பரவியது. அன்று விருந்தினர்களுக்கு எலுமிச்சைச் சாதம் கிடைத்தது. அடிபிடித்தது தெரிந்தால், அடியைத் தொடாமல் மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்து, அங்கே தொடர வேண்டும், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இப்போது முழுவதையும் தண்ணீரிலேயே வேகவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கூடுதலாக ஊற்றும் திரவத்துக்கு மட்டும் வெதுவெதுப்பான பாலைப் பயன்படுத்துகிறேன்.

வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தீயை அணைத்த பிறகே சேர வேண்டும். கொதிக்கும் பொலெந்தாவில் பாலாடைக்கட்டியைப் போட்டால் புரதம் திரண்டு நூலாகி, கொழுப்பு தனியே மிதக்கும். அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, 250 கிராம் மாவுக்கு 40 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து வேகமாகக் கிளறிய பின், 50 கிராம் பார்மிஜானோ பாலாடைக்கட்டியை நைசாகத் துருவித் தூவினால் போதும். மேற்கே ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கில் ஃபொந்தினாவை அடுக்கடுக்காகச் சேர்க்கிறார்கள். லொம்பார்தியாவில் கோர்கொன்சோலாவை நடுவில் உருகவிடுகிறார்கள். திரெந்தோவுக்கென்றே உரியது மோயேனா ஊரின் 'பூத்சோனே'. பெயருக்கே 'நாற்றக்காரன்' என்று பொருள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் வந்த நாளில், எனக்கு அருகிலிருந்த இருக்கை கடைசி நிறுத்தம்வரை காலியாகவே இருந்தது. ஆனால் சூடான பொலெந்தாவில் உருகும்போது அந்த நாற்றம் அடங்கி, நெய் காய்ச்சிய வீட்டின் மணம்போல் ஆகிவிடுகிறது. பாலாடைக்கட்டியில் உப்பு மிகுதி என்பதால், அதைச் சேர்க்கும் நாளில் தண்ணீருக்கான உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மாலை, பொலெந்தா கிண்டிக்கொண்டே அம்மையார் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். வெனிஸைச் சுற்றியுள்ள வெனெத்தோ பகுதியிலிருந்து மணமாகி வந்தவராம் அவர். வசதி வந்த பிறகு பொலெந்தாவைத் தொடவே மறுத்தாராம். காலையிலும் மதியத்திலும் இரவிலும் அது ஒன்றையே தின்ற தலைமுறை அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளம் 16ஆம் நூற்றாண்டில் வெனெத்தோ வயல்களில் வேரூன்றி, அதற்கு முன் தினை, பக்வீட், கஷ்கொட்டை மாவு ஆகியவற்றில் கிண்டிவந்த கூழின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விளைச்சல் மிகுதி, ஆனால் ஏழைக் குடியானவர்களின் தட்டில் அதைத் தவிர வேறெதுவும் இல்லாமற்போனபோது தோல் வெடித்து, வயிறு கெட்டு, மூளையும் பேதலிக்கும் நோய் ஒன்று பரவியது. மிலானைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃபிராபொல்லி 1771இல் அதைப் பெல்லாக்ரா என்ற பெயரால் குறிப்பிட்டார். கரடுமுரடான தோல் என்பது பொருள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் உயிர்ச்சத்து உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருப்பது காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. மெக்சிகோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை அவிழ்க்கும் வித்தையை அறிந்திருந்தார்கள். ஐரோப்பாவுக்கு விதை வந்தது, வித்தை வரவில்லை. இதைக் கேட்ட பிறகு, பொலெந்தாவின் மேல் அவரைவிதைக் குழம்போ, காளானோ, முட்டையோ, பாலாடைக்கட்டியோ இல்லாமல் நான் பரிமாறுவதில்லை. தென்னித்தாலியர்கள் வடக்கத்தியரைக் கேலியாகப் 'பொலெந்தோனி' என்று அழைப்பதற்குப் பின்னாலும் இந்த வறுமையின் நிழல் கொஞ்சம் இருக்கிறது.

வெனிஸின் கா ரெத்சோனிக்கோ அருங்காட்சியகத்தில், பியெத்ரோ லொங்கி 1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டிய பொலெந்தா ஓவியம் இருக்கிறது. கொப்பரையிலிருந்து வெள்ளைத் துணியின் மேல் பொலெந்தாவைக் கவிழ்க்கிறார்கள். அது கெட்டியான வகை. ஆறினால் நூலால் அறுக்கலாம். குழைவான வகையோ காத்திருக்காது. வெந்த மாவுச்சத்து ஆற ஆற மீண்டும் இறுகுவது அதன் இயல்பு. எனவே மேலே ஊற்றும் குழம்பை முன்னதாகவே முடித்துவிட்டு, தட்டுகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்துச் சூடாக வைத்துக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்த பிறகே இறக்க வேண்டும். விருந்தினர் தாமதமானால், பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவைத்தால் அரை மணி நேரம் தாங்கும். பரிமாறுமுன் அரைக்கரண்டி வெந்நீர் விட்டு ஒருமுறை கலக்கினால் பழைய பதம் திரும்பிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுபோன அழுத்தச் சமையற்கலத்தையும் இதற்குப் பழக்கிப் பார்த்தேன். நேரடியாகக் குக்கரில் கரைத்து ஊற்றினால் அடிபிடிப்பது உறுதி. உள்பாத்திரத்தில் ஒன்றுக்கு நாலரைப் பங்கு தண்ணீரில் மாவைக் கரைத்து, குக்கரில் தண்ணீர் விட்டு, அதை உள்ளே வைத்து, ஆவி வந்ததும் வெயிட் போட்டுச் சிறு தீயில் இருபது நிமிடம் வைத்தேன். திறந்தபோது மாவு அடியில் கெட்டியாகவும் தண்ணீர் மேலேயும் பிரிந்திருந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக் கம்பிக் கரண்டியால் அடித்துக் கலக்கினால், இரண்டே நிமிடத்தில் கட்டியில்லாமல் ஒன்றுசேர்ந்தது. குருணை முழுவதும் வெந்திருந்தது. கொப்பரையில் வெந்ததன் மணம் சற்றுக் குறைவுதான். ஆனால் உடனடி மாவைவிட எவ்வளவோ மேல். இதை மட்டும் அம்மையாரிடம் நான் சொல்லவில்லை.

மிஞ்சியதை எறிய வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் அல்வாபோல் துண்டு போடலாம்; தோசைக்கல்லில் இருபுறமும் பொன்னிறமாகச் சுட்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் சேரும். அம்மையார் இரவில், மிஞ்சிய சூடான பொலெந்தாவின் மேல் குளிர்ந்த பாலை ஊற்றிக் கரண்டியால் உடைத்துச் சாப்பிடுவார். அவருடைய சிறுவயது இரவுணவு அது.

பாத்திரம் கழுவுவதைப் பற்றித்தான் பலரும் அஞ்சுகிறார்கள். அடியில் ஒட்டிய பொலெந்தாவை வெந்நீரில் தேய்த்தால் பசைபோல் இன்னும் பரவும். பச்சைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் விட்டால் மறுநாள் தானே பெயர்ந்துவரும். ஆனால் தீயாத பாத்திரமாக இருந்தால் அம்மையாரின் வழி வேறு. பொலெந்தாவை எடுத்த பின், வெறும் கொப்பரையை மிகச்சிறு தீயில் மீண்டும் ஏற்றுவார். ஐந்தாறு நிமிடங்களில் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் காய்ந்து, ஓரத்தில் சுருண்டு, பொருபொருவென்று தனியே பிரியும். எங்கள் வீட்டில் களிச்சட்டியின் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவோம். அவர் அந்தக் காந்தலை உடைத்து, மேலே சிட்டிகை உப்புத் தூவி, பெரிய பங்கைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு துண்டைத் தருவார்.